கிரானிட் ஜாக்கா முப்பது வயதுக்கு மேல் எப்படி இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஆனார்?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்பில் சொந்த ரசிகர்களே ஒருநாள் கூச்சல் போட்டு எதிர்த்த சுவிட்சர்லாந்து மிட்ஃபீல்டர் கிரானிட் ஜாக்கா, ஜெர்மனியின் லெவர்குசன் கிளப்புக்குப் போனதும் எப்படி ஒரு சாம்பியன் அணியின் அச்சாணி ஆனார்? முப்பது வயதுக்கு மேல் ஒருவர் திடீரென்று இவ்வளவு முன்னேற முடியுமா?

என் கருத்தில் அவர் திடீரென்று முன்னேறவில்லை. அவரிடம் இருந்த திறமை 20 வயதிலேயே இருந்தது, அவரிடம் இல்லாதது இன்றைக்கும் இல்லை. அணிகள் அவருக்குக் கொடுத்த வேலைதான் மாறியது. சரியான வேலை கிடைத்த இடத்திலெல்லாம் ஜெயித்திருக்கிறார், தப்பான வேலை கிடைத்த இடத்தில் திட்டு வாங்கியிருக்கிறார். இதை விளக்க அவருடைய ஆட்ட வாழ்க்கையைக் கொஞ்சம் முழுதாகப் பார்த்தாக வேண்டும்.

முதலில் அவர் என்ன மாதிரி ஆட்டக்காரர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கா இடதுகால்காரர். சென்டர் பேக்குகளுக்கு (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள்) சற்று முன்னால், இடப்பக்கமாக ஒதுங்கி நின்று பந்தை வாங்குவார். வாங்கும்போதே உடம்பைத் திறந்து, முழு மைதானமும் கண்ணுக்குத் தெரியும்படி நிற்பார். அடுத்த தொடுதலில் பந்து எதிர்ப்பக்க விங்கரிடம் போகும், இல்லாவிட்டால் எதிரணியின் இரண்டு மிட்ஃபீல்டர்களுக்கு நடுவே தரையோடு புகுந்து போகும். பாஸின் வேகம் முக்கியம். வாங்குபவர் நின்று நிதானிக்கத் தேவையில்லாதபடி, அவருடைய முன்காலுக்கே கெட்டியாக அடித்துக் கொடுப்பார். அப்புறம் பெனால்டி பெட்டிக்கு வெளியே இடம் கிடைத்தால் அந்த இடதுகாலால் அடிக்கும் அடி. ஆட்டத்தின் வேகத்தை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்று அவருக்குத் தெரியும்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: வேகம் கிடையாது. பந்து பறிபோய் எதிரணி திரும்பி ஓட ஆரம்பித்தால், பின்னால் முப்பது மீட்டர் வெற்றிடம் இருந்தால், அவரால் துரத்திப் பிடிக்க முடியாது. துரத்த முடியாதபோது காலை நீட்டுவார், சட்டையைப் பிடிப்பார், சறுக்கி விழுந்து தடுப்பார். அவர் வாங்கிய கார்டுகளில் நிறைய இப்படி வந்தவை.

ஜாக்கா 1992 செப்டம்பர் 27 அன்று பாசல் நகரில் பிறந்தார். பெற்றோர் கொசோவோ (அப்போது யூகோஸ்லாவியாவில் செர்பியாவின் கீழ் இருந்த பகுதி) அல்பேனியர்கள். அப்பா ரகிப், பிரிஷ்டினாவில் மாணவராக இருந்தபோது யூகோஸ்லாவிய அரசுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதற்காகக் கைதாகி மூன்றரை ஆண்டுகள் சிறையில் இருந்தவர். வெளியே வந்தபின் 1990-ல் மனைவியோடு சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். மூத்த மகன் டவுலண்ட் 1991-ல் பிறந்தார், அடுத்த ஆண்டு கிரானிட். இரண்டு பேரும் கான்கோர்டியா பாசல் என்ற சின்ன கிளப்பில் தொடங்கி, எஃப்சி பாசல் அகாடமிக்குப் போனார்கள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் சுவிஸுக்கு வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் கதையின் முதல் பாதி நன்றாகத் தெரிந்த கதைதான்.

அந்தத் தலைமுறை சுவிஸ் கால்பந்தையே மாற்றியது. 2009-ல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை சுவிட்சர்லாந்து வென்றது. இறுதி ஆட்டத்தில் போட்டியை நடத்திய நைஜீரியாவையே 1-0 என்று தோற்கடித்தார்கள், கோல் செஃபரோவிச் அடித்தது. அந்த அணியில் ஜாக்காவும் ரிக்கார்டோ ரோட்ரிகஸும் இருந்தார்கள். மூன்று பேரும் பின்னால் பல ஆண்டுகள் தேசிய அணியில் சேர்ந்து ஆடினார்கள் என்பதை நினைவில் வையுங்கள், புக்கரெஸ்ட் ஆட்டத்துக்கு வரும்போது அது உதவும்.

பாசல் முதல் அணியில் 2010-ல், 17 வயதில், சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் அறிமுகமானார். அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்கள், 2012-ல் கோப்பையும் சேர்த்து. 2011 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 என்று வீழ்த்தி சாம்பியன்ஸ் லீக்கிலிருந்தே வெளியேற்றிய பாசல் அணியின் நடுக்களத்தில் 19 வயது ஜாக்கா இருந்தார். அதே ஆண்டு ஜூனில் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிராக தேசிய அணிக்காக முதன்முறை ஆடியிருந்தார்.

2012-ல் ஜெர்மனியின் பொருஸியா மொன்ஷன்கிளாட்பாக். கோச் லூசியன் ஃபாவ்ரும் சுவிஸ்காரர்தான். முதல் சீசன் கஷ்டமாகப் போனது, பெஞ்சில் உட்கார நேர்ந்தது. பிறகு நிலைத்துவிட்டார். 2015-ல் அணி மூன்றாமிடம் பிடித்து சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனது, அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் கேப்டன். ஆனால் ரெட் கார்டுகளும் அங்கேயே ஆரம்பித்துவிட்டன.

2016-ல் ஆர்சன் வெங்கர் அவரை ஆர்சனலுக்கு எடுத்தார், 3 கோடி பவுண்டுக்கு மேல். உங்கள் கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது. வெங்கரின் கடைசிக் கால ஆர்சனல் பந்தோடு அழகாக ஆடும், பந்து போனால் நடுக்களம் திறந்து கிடக்கும். அந்தத் திறந்த வெளியைக் காவல் காக்கும் வேலையை, ஓட்டம் இல்லாத ஒருவரிடம் கொடுத்தார்கள். பார்க்கும் ரசிகர்களுக்கு என்ன தெரியும்? எதிரணி ஜாக்காவைத் தாண்டிப் போகிறது, அடுத்து கோல் விழுகிறது. நூறு நல்ல பாஸ் கொடுத்ததைவிட அந்த ஒரு காட்சிதான் மனதில் நிற்கும்.

ஆர்சனலில் ஏழு ஆண்டுகளில் அவருக்கு ஐந்து ரெட் கார்டுகள். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்ப்பது சரியில்லை என்று நினைக்கிறேன். 2016-ல் ஸ்வான்சிக்கு எதிராக வாங்கியது, நடுக்களத்தில் எதிர்த்தாக்குதலை நிறுத்தப் போய் வாங்கியது. 2022-ல் லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் லீக் கோப்பை அரையிறுதியில் வாங்கியது, தலைக்கு மேல் வந்த பந்துக்காக ஓடிய ஜோட்டாவை கடைசி ஆளாக நின்று தடுத்ததில் வந்தது. இரண்டும் பின்னால் இருந்த வெற்றிடத்தின் விளைவு. 2020 டிசம்பரில் பர்ன்லி ஆட்டக்காரரின் கழுத்தைப் பிடித்தது மட்டும் வேறு ரகம். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, முழுக்க அவருடைய கோபம்.

இனி 2019 அக்டோபர் 27. உனாய் எமெரி கோச், ஜாக்கா கேப்டன். சக ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு அந்தப் பொறுப்பைக் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆர்சனலின் எமிரேட்ஸ் அரங்கில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராகப் பத்து நிமிடத்துக்குள் ஆர்சனல் 2-0. பிறகு பேலஸ் ஒன்று, இரண்டு என்று சமன் செய்துவிட்டது. 61-வது நிமிடத்தில் அவரை மாற்றுவதற்காக ஜாக்காவின் எண் பலகையில் வருகிறது. அவர் மெதுவாக நடக்கிறார். அணி ஜெயிக்க வேண்டிய நேரத்தில் நடக்கிறாரே என்று கூட்டத்தில் சிலர் கத்த, அது மைதானம் முழுக்கப் பரவுகிறது. அவர் கையைக் காதில் வைத்து இன்னும் கத்துங்கள் என்று சைகை காட்டுகிறார். ஏதோ திட்டுகிறார். கோட்டைத் தாண்டியதும் சட்டையைக் கழற்றிவிட்டு, பெஞ்சுக்குப் போகாமல் நேரே சுரங்கப்பாதைக்குள் போய்விடுகிறார்.

ஒரு கேப்டன் அப்படிச் செய்தது தப்புதான். ஆனால் நான்கு நாள் கழித்து அவர் வெளியிட்ட அறிக்கையையும் படிக்க வேண்டும். காலை உடைப்போம், மனைவியைக் கொல்வோம், மகளுக்குப் புற்றுநோய் வரட்டும் என்றெல்லாம் அவருக்கு எழுதியிருந்தார்கள். அந்தக் குழந்தை பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 61-வது நிமிடத்தில் வெடித்தது அன்றைக்கு ஏற்பட்ட கோபம் மட்டும் இல்லை. நவம்பர் 5 அன்று கேப்டன் பதவி பறிபோனது, ஔபமயாங்குக்குப் போனது. அந்த மாதக் கடைசியில் எமெரியே வேலையை இழந்தார்.

டிசம்பரில் மிக்கேல் ஆர்டெட்டா வந்தபோது ஜாக்கா கிளம்பத் தயாராக இருந்தார். ஜெர்மன் கிளப் ஹெர்த்தா பெர்லின் காத்திருந்தது. ஆர்டெட்டா பேசி நிறுத்தினார். தானும் ஒரு மிட்ஃபீல்டராக ஆடியவர் என்பதால், ஆர்டெட்டா இவரைப் பார்த்த பார்வையே வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. இவரிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2020-ல் செல்சியை 2-1 என்று வென்று எஃப்ஏ கோப்பை. ஜாக்காவுக்கு அது இரண்டாவது. 2017-ல் அதே செல்சியை அதே 2-1 கணக்கில் வென்ற அணியிலும் அவர் இருந்தார். நடுவில் ஆள் பற்றாக்குறையின்போது லெஃப்ட் பேக்காகக்கூட (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்) ஆடினார், முணுமுணுக்கவில்லை. 2021-ல் ரோமாவுக்குப் போவார் என்று பேச்சு பலமாக ஓடி, கடைசியில் புது ஒப்பந்தம் போட்டுத் தங்கிவிட்டார்.

2022-23 சீசன்தான் நான் எல்லோருக்கும் காட்டும் சான்று. ஆர்டெட்டா அவரை முன்னால் தள்ளினார். பின்னால் நங்கூரமாக தாமஸ் பார்ட்டே. மான்செஸ்டர் சிட்டியிலிருந்து வந்த ஸின்சென்கோ லெஃப்ட் பேக் இடத்திலிருந்து உள்ளே வந்து பார்ட்டேயின் பக்கத்தில் நிற்பார். ஆக, ஜாக்கா பழைய காவல் வேலையை விட்டுவிட்டு இடப்பக்க உள்வழியில் மேலே ஏறலாம், பெட்டிக்குள் தாமதமாக நுழையலாம். பந்து போனால் அவருக்குப் பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதே ஆள், அதே கால், 30 வயது, வேகம் கூடவேயில்லை. லீக்கில் 7 கோல். இங்கிலாந்தில் அதற்கு முன் எந்த சீசனிலும் அவர் அவ்வளவு அடித்ததில்லை. அந்த ஏழில் ஒன்று 2023 மார்ச்சில் எமிரேட்ஸில், அதே கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக, 4-1 வெற்றியில் விழுந்தது. அதே அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

ஆர்சனல் நீண்ட நாள் முதலிடத்தில் இருந்து கடைசியில் சிட்டியிடம் பட்டத்தை இழந்தது. கடைசி ஆட்டம் வுல்வ்ஸுக்கு எதிராக 5-0, முதல் இரண்டு கோலும் ஜாக்கா. போகாதே, இங்கேயே இரு என்று கூட்டம் பாடியது. ஆனால் ஆர்சனல் மிட்ஃபீல்டர் டெக்லன் ரைஸை வாங்கவிருந்தது, ஜாக்காவும் குடும்பத்தோடு ஜெர்மனிக்குத் திரும்ப முடிவு செய்துவிட்டார்.

லெவர்குசனைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்து நிறுவனமான பாயரின் தொழிலாளர்கள் 1904-ல் தொடங்கிய கிளப். அதுவரை லீக் பட்டம் வென்றதே கிடையாது. 2002-ல் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றிலும் கடைசி வரை வந்து மூன்றையும் இழந்தவர்கள். எப்போதும் இரண்டாமிடம்தான் என்று ஜெர்மனியில் கேலிப்பெயரே உண்டு. 2022 அக்டோபரில் அட்டவணையின் அடிப்பகுதியில் இருந்த அணியை ஸாபி அலோன்ஸோ எடுத்து ஆறாமிடத்துக்குக் கொண்டுவந்தார். அவருக்கு 2023 கோடையில் தேவைப்பட்டது, ஆட்டத்தை நடுவிலிருந்து நடத்தும் ஒருவர். அலோன்ஸோ ஆடிய காலத்தில் செய்ததும் அதே வேலைதான். ஆகவே ஜாக்காவிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அந்த அணியின் அமைப்பைப் பாருங்கள். பின்னால் மூன்று சென்டர் பேக்குகள். ஜாக்காவுக்குப் பக்கத்தில் ஓடவும் மோதவும் பலாசியோஸ் அல்லது ஆண்ட்ரிக். இடது ஓரத்தில் கிரிமால்டோ, வலது ஓரத்தில் ஃப்ரிம்போங், முன்னால் விர்ட்ஸ். பந்து பெரும்பாலும் இவர்களிடமே இருக்கும், பறிபோனாலும் சில நொடியில் மேலேயே நெருக்கிப் பிடித்துவிடுவார்கள். திரும்பி முப்பது மீட்டர் ஓட வேண்டிய நிலைமை ஜாக்காவுக்கு அநேகமாக வரவேயில்லை. அவர் செய்ய வேண்டியது பந்தை வாங்குவது, எதிரணி ஒரு பக்கம் கூடும்வரை அங்கேயே சின்னச் சின்ன பாஸ்களில் வைத்திருப்பது, கூடியதும் மறுபக்கம் திறப்பது. கைகளால் காட்டிக்கொண்டே இருப்பார், நீ அங்கே போ, நீ இங்கே வா என்று. லெவர்குசன் ஆட்டம் ஏதாவது பழைய பதிவாகக் கிடைத்தால் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். கோல் கணக்கில் வராத வேலை என்ன என்பது புரிந்துவிடும்.

விளைவு எல்லோருக்கும் தெரியும். 34 லீக் ஆட்டங்களில் 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லை. பயர்ன் மியூனிக்கின் தொடர்ச்சியான 11 பட்டங்களுக்கு முற்றுப்புள்ளி. 2024 ஏப்ரல் 14 அன்று வெர்டர் பிரெமனை 5-0 என்று வென்று பட்டத்தை உறுதி செய்தார்கள். அதில் இரண்டாவது கோல் ஜாக்காவுடையது: அறுபதாவது நிமிடம், பெட்டிக்கு வெளியே இருந்து, இடதுகால். அதுவரை 1-0 என்று பதற்றமாக இருந்த அரங்கம் அந்தக் கோலுக்குப் பிறகுதான் பாட ஆரம்பித்தது. விர்ட்ஸ் ஹாட்ரிக் அடித்து முடிப்பதற்குள் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது.

அந்த சீசனின் ஒரே தோல்வி மே 22 அன்று டப்ளினில், யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் அட்டலாண்டாவிடம் 0-3. 51 ஆட்டங்கள் தோற்காமல் வந்தவர்கள் அன்று துவண்டுபோனார்கள். அட்டலாண்டா மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள் நெருக்கியது, ஜாக்காவுக்கு நிமிர்ந்து பார்க்கவே நேரம் கிடைக்கவில்லை. அவரை எப்படி அடக்கலாம் என்பதற்கும் அந்த ஆட்டமே பாடம். மூன்று நாள் கழித்து பெர்லினில் ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி கைஸர்ஸ்லாட்டர்ன். 17-வது நிமிடத்தில் தூரத்திலிருந்து ஜாக்கா அடித்தது மேல்மூலையில் போய் விழுந்தது. இடைவேளைக்கு முன் ஒருவர் ரெட் கார்டு வாங்கி வெளியேற, பத்து பேரோடு அந்த 1-0-வைக் காப்பாற்றினார்கள்.

தேசிய அணிக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே அவர் மீதான விமர்சனம் ஆட்டத்தைப் பற்றியது மட்டும் இல்லை. 2016 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) லான்ஸ் நகரில் சுவிட்சர்லாந்தும் அல்பேனியாவும் மோதின. ஒரு பக்கம் கிரானிட், மறுபக்கம் அண்ணன் டவுலண்ட். யூரோ வரலாற்றில் சகோதரர்கள் எதிரெதிரே ஆடியது அதுதான் முதல்முறை. அம்மா பாதி சுவிஸ், பாதி அல்பேனியா என்று தைத்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சுவிஸ் 1-0. அடுத்த சுற்றில் போலந்திடம் பெனால்டியில் தோற்றபோது, பந்தை வெளியே அடித்த ஒரே ஆள் ஜாக்கா.

2018 உலகக் கோப்பையில் கலினின்கிராடில் செர்பியாவுக்கு எதிராக 0-1 பின்தங்கிய நிலையில், 52-வது நிமிடத்தில் அவர் தூரத்திலிருந்து அடித்துச் சமன் செய்தார். 90-வது நிமிடத்தில் ஷகீரி வெற்றி கோல். இருவரும் கைகளைக் கோத்து அல்பேனியக் கொடியின் இரட்டைத்தலைக் கழுகைக் காட்டினார்கள். ஃபிஃபா ஆளுக்கு 10,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் போட்டது. சுவிட்சர்லாந்துக்குள் பெரிய விவாதம் கிளம்பியது, இவர்கள் முழுச் சுவிஸ்காரர்கள்தானா என்கிற அளவுக்கு. அரசுக்கு எதிராகத் தெருவில் இறங்கியதற்காக அப்பா சிறைக்குப் போன வீட்டுப் பிள்ளையிடம், செர்பிய ரசிகர்கள் ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும்போது எதுவும் வெளிப்படக் கூடாது என்று எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2021-ல் நடந்த யூரோவிலும் அப்படித்தான் தொடங்கியது. போட்டி நேரத்தில் தலைமுடிக்கு வெள்ளைச் சாயம் பூசினார்கள், இத்தாலியிடம் 0-3 தோற்றார்கள், நாடே திட்டியது. ஜூன் 28, புக்கரெஸ்ட், உலக சாம்பியன் பிரான்ஸ். செஃபரோவிச் முதல் கோல். ரோட்ரிகஸின் பெனால்டியை பிரான்ஸ் கோல்கீப்பர் லோரிஸ் தடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பென்ஸமா இரண்டு அடித்துவிட்டார், பிறகு போக்பா ஒன்று, 3-1. அந்த நேரத்தில் ஜாக்கா எல்லோரையும் கத்தித் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். 81-ல் செஃபரோவிச் மறுபடியும். 90-வது நிமிடத்தில் நடுக்களத்தில் பந்து ஜாக்காவின் காலுக்கு வந்தது. ஒரே பாஸ், நேராக நடுவழியே கவ்ரனோவிச்சுக்கு. 3-3. பெனால்டியில் எம்பாப்பேயின் அடியை சுவிஸ் கோல்கீப்பர் சோமர் தடுக்க, சுவிஸ் காலிறுதிக்குப் போனது. ஆட்ட நாயகன் ஜாக்கா. அன்றைக்கு வாங்கிய மஞ்சள் கார்டால் அடுத்த ஆட்டத்துக்குத் தடை. ஸ்பெயினுக்கு எதிராக அவர் இல்லாத நடுக்களத்தைப் பார்த்தவர்களுக்கு அவருடைய மதிப்பு தெரிந்தது. சுவிஸ் 1-1 வரை இழுத்துப் பெனால்டியில் தோற்றது.

2023-ல் ஹைன்ஸ் ஹெர்மானின் நெடுநாள் சாதனையைத் தாண்டி, சுவிட்சர்லாந்துக்காக அதிக ஆட்டங்கள் ஆடியவர் ஆனார். 2024 யூரோவில் பெர்லினில் நடப்புச் சாம்பியன் இத்தாலியை 2-0 என்று அவர்கள் வென்ற விதம், சுவிஸ் கால்பந்தில் நான் பார்த்த மிக முழுமையான ஆட்டம். காலிறுதியில் இங்கிலாந்திடம் மறுபடியும் பெனால்டி.

2025-ல் லெவர்குசன் கலைந்தது. அலோன்ஸோ ரியல் மாட்ரிட்டுக்குப் போனார், விர்ட்ஸும் ஃப்ரிம்போங்கும் லிவர்பூலுக்கு, சென்டர் பேக் யோனத்தான் டா பயர்னுக்கு. ஜாக்காவை விடமாட்டோம் என்று புதுக் கோச் டென் ஹாக் சொல்லியும், அவர் இங்கிலாந்தின் சண்டர்லாந்துக்குக் கிளம்பிவிட்டார். எட்டு ஆண்டு கழித்து பிரீமியர் லீக்குக்குத் திரும்பிய, நடுவில் மூன்றாம் பிரிவு வரை விழுந்து எழுந்த கிளப். 32 வயதில் ஏன் அங்கே என்று நிறையப் பேர் கேட்டார்கள். கோச் ரெஜிஸ் லெ ப்ரி வந்ததும் கேப்டன் பட்டையைக் கொடுத்தார், பக்கத்தில் ஓயாமல் ஓடும் இளைஞர் நோவா சடிக்கியை நிறுத்தினார். வெற்றிடத்தை சடிக்கி பார்த்துக்கொள்வார், ஆட்டத்தை ஜாக்கா பார்த்துக்கொள்வார். முதல் ஆட்டத்திலேயே வெஸ்ட் ஹாமை 3-0, அக்டோபரில் செல்சியை அவர்கள் மைதானத்திலேயே 2-1, நவம்பரில் ஆர்சனலோடு 2-2, டிசம்பரில் பரம எதிரி நியூகாசிலை 1-0. மேலே வந்த உடனே கீழே விழும் அணி என்று கணித்தவர்கள், அந்த சீசனின் முதல் பாதியில் சண்டர்லாந்தை அட்டவணையின் மேல் பாதியில் பார்த்தார்கள்.

ஆக, முப்பதுக்கு மேல் முன்னேற முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு: அவர் கொஞ்சம் நிதானப்பட்டிருக்கிறார், உண்மை. ஆர்சனலை விட்ட பிறகு அந்த மாதிரி கழுத்தைப் பிடிக்கும் காட்சிகளைப் பார்க்கவில்லை. ஆனால் சண்டர்லாந்தில் அவர் கொடுக்கும் அந்தக் குறுக்குப் பாஸை 2011-ல் பாசலிலேயே கொடுத்துக்கொண்டிருந்தார். பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்க நேரம் இருந்தால் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள், பிறகு புக்கரெஸ்ட், பிறகு பிரெமன். 2019 காட்சியை அதற்குப் பிறகு பாருங்கள்.